கத்தரிப்பூ நிறத்தில் ஓர் ஏரி

என் அம்மாவின் தம்பி நாசரேத்தில் பூகோள வாத்தியார். அந்த மாமாவிடம் துணியில் ஒட்டிய பழைய சர்வே வரைபடம் ஒன்று இருந்தது. பெற்ற பிள்ளைகளைக்கூட அவர் அப்படித் துடைத்துப் பாதுகாத்ததில்லை. சாத்தான்குளத்துக்குத் தெற்கே உள்ள தேரிக்காடும் குளங்களும் மடை வரைக்கும் அதில் குறித்திருக்கும்.

அப்பா மனை வாங்கப்போகும் செய்தி கேட்டு, அதை எடுத்துக்கொண்டு முத்தையாபுரத்தில் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்து கட்டிலில் விரித்தார். அப்பா பார்த்து வைத்திருந்த மனை, செம்மணல் தேரியின் ஓரத்தில், சரியாக ஒரு நீலத் திட்டுக்குள் விழுந்தது. அது தருவை, நல்ல மழை பெய்த வருடங்களில் மட்டும் தண்ணீர் பிடிக்கும் ஏரி என்றார் மாமா. வெள்ளைக்காரன் குதிரையில் வந்து பார்த்த வருடம் மழை பெய்திருக்கும், நான் போனபோது ஆடுதான் மேய்ந்தது என்றார் அப்பா. சாப்பாடு வந்ததும் இருவரும் ஓய்ந்தார்கள்.

நான் மட்டும் அந்த நீலத் திட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். புது வீட்டு மாடியில் எனக்கென்று ஜன்னல் வைத்த அறை தருவதாக அப்பா சொல்லியிருந்தார். அதுவரை அக்காவின் கால் என் மேல்தான் தூங்கும். ஒன்றாம் வகுப்புக்காரியான எனக்கு ஏரியை ஒழித்துவிட்டால் போதும் என்று பட்டது. எல்லோரும் உண்ட மயக்கத்தில் கிடந்தபோது, சிவப்புக் கிரேயானை எடுத்து அந்த நீலத்தின்மேல் அழுத்தித் தேய்த்தேன். வரைபடத்தில் சுற்றிலும் சிவப்பாக இருந்த தேரியோடு தேரியாகிவிடும் என்று நம்பினேன். ஏரியோ கத்தரிப்பூ நிறமாகி, முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

எழுந்து வந்த மாமா வேட்டி நுனியால் வரைபடத்தைத் துடைக்கத் தொடங்கினார். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

“மாப்ள, ஒத்தக் கிரேயான்ல உங்க குளத்தத் தூத்துட்டாளே.”

அம்மா சிரிக்கவில்லை. “குளமே இல்லன்னுதான சொல்லுதிய? அப்பம் இவ எதுக்கு அழிக்கா?”

அப்பாவின் சிரிப்பு பாதியில் நின்றது. மனை வேண்டாம் என்று மறுநாளே சொல்லிவிட்டார். நான் இரண்டு நாள் அழுதேன். இனிமேல் கிரேயானை மெதுவாகத் தேய்க்க வேண்டும் என்பதுதான் எனக்கு வந்த புத்தி.

மறுவருடம் ஐப்பசி மழை வெளுத்து வாங்கியது. அப்பா என்னை வண்டியில் அங்கே அழைத்துப்போய், தோளில் ஏற்றிக்கொண்டு மேட்டில் நின்றார். மனைக்கற்கள் எதையும் காணோம். ஒரே தண்ணீர். மனை விற்றவர்கள் நட்டிருந்த கொடிக்கம்பம் மட்டும் நடுவில் நீட்டிக்கொண்டிருந்தது; அதில் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது.

“அங்கன பாரு, அதான் உன் ரூம்பு.”

என் அறை போயும் போயும் ஒரு பறவைக்குக் கிடைத்துவிட்டதே என்று எனக்குப் பொறுக்கவில்லை, மறுபடி அழுதேன். அப்பா சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு ஏன் என் கால்கள் இரண்டையும் வலிக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தார் என்று மட்டும் எனக்கு விளங்கவில்லை.