சேர்வர் எழும்ப முன்

போன வாரம் ஒரு மெசேஜைத் துரத்திக்கொண்டு பைக்கில் போனேன். சிரிக்காதீர்கள்... நிஜமாகத்தான்.

மகனுக்குக் கல்யாணம். எங்கள் கல்முனைப் பக்கம் நெருங்கிய சொந்தத்துக்குக் கல்யாணம் சொல்வதென்றால், கணவனும் மனைவியுமாக வீடு தேடிப் போக வேண்டும். உட்கார்ந்து, தேநீர் குடித்து, வாயால் சொல்ல வேண்டும். நான் என்ன செய்தேன்? கார்டைப் படமெடுத்துக் குடும்ப சாட் குரூப்பில் போட்டுவிட்டேன். நவீன மனிதன் அல்லவா!

பத்து நிமிடத்தில் பக்கத்து ஊர் நற்பிட்டிமுனை மச்சான் — என் ராத்தாவின், அதாவது மூத்த சகோதரியின், கணவர் — எனக்குத் தனியாக எழுதினார்: "போனுக்குத்தானே கல்யாணம் சொல்லியிரிக்கீங்க. போன் வரும்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "விருப்பமெண்டா வாங்க, இல்லாட்டி வீட்ட இரிங்க" என்று தட்டி அனுப்பினேன்.

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. ராத்தா வராமல் என் மகனுக்குக் கல்யாணமா? நினைக்கவே அழுகை வந்தது.

பார்த்தால் மெசேஜ் அவருக்குப் போய்ச் சேராமல் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. 'சேர்வருடன் இணைப்பு துண்டிக்கப்பட்டது.' அழிக்கப் பார்த்தேன்... அதுவும் முடியவில்லை. போனை மனைவியிடம் காட்டினேன்.

"சேர்வர் எழும்ப முந்தி நாம போய்ச் சேரணும். பைக்க எடுங்க" என்றாள் அவள், அபாயா அங்கியை மாட்டிக்கொண்டே.

கேட்டைத் திறந்த மச்சான் திகைத்துப் போனார். "ரெண்டு பேருமா வந்திரிக்கீங்க? வாங்க மச்சான், வாங்க!"

உட்கார்ந்தோம். ராத்தா தேநீர் ஊற்றினார். வாயால் சொன்னேன்: "மச்சான், நீங்கதான் முன்னுக்கு நிண்டு நடத்தித் தரணும்."

"ஓம், நாங்க இல்லாம பின்ன ஆரு?" என்றார் மச்சான். எனக்கு உயிர் வந்தது.

டிங்!

இரண்டு போனும் ஒன்றாகக் கத்தின. அவர் கையில் என் மெசேஜ். என் கையில்... அவருடையது! "நாங்க ஒருத்தரும் வரமாட்டம். எங்களப் பாத்திட்டு இரிக்க வேணாம்."

அவரும் கோபத்தில் அனுப்பிவிட்டுத் தவித்துக்கொண்டிருந்தாராம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ராத்தா இரண்டு போனையும் எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் அத அழிச்சிட்டுத் தேத்தண்ணியக் குடிங்க. ஆறப்போகுது."

அழித்தோம். குடித்தோம். கல்யாணத்துக்கு ராத்தா இரண்டு நாள் முந்தியே வந்துவிடுவாராம்.

எனக்கு இப்போது ஒரே பயம்தான் — அந்த சேர்வரை இனி விழாதபடி திருத்திவிடுவார்களோ?