எட்டும் உயரத்தில் ஒரு கைப்பிடி

சனிக்கிழமை முற்பகல் பத்து நாற்பது. நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அந்த நிமிடத்தில் எனக்கு வந்த அழைப்பு கைபேசியில் இன்னும் பதிந்து கிடப்பதுதான். கல்முனைக்குடியிலிருந்து தம்பி றிஸ்வான். அங்கே அஸர் தொழுகை முடிந்த பின்னேரம். இங்கே இங்கிலாந்தின் நடுவில், கடலையே காணாத ஒரு சிறுநகரத்தில், கிறிஸ்தவ தேவாலயத்தின் குசினியில் நின்று நான் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"காக்கா, நம்மட பள்ளிக்கு, தொழ முந்தி ஒழுச் செய்யிற இடத்துக்கு ஒரு பிளான் கீறித் தாங்கண்டு ரெண்டு வருசமாக் கேக்கம். ஒங்களுக்கு நேரமில்ல. இப்ப அங்க சேர்ச்சிக்குப் பிளான் கீறிக் குடுத்திரிக்கீங்களாம். ஊருல கதை வேற மாதிரிப் போகுது. பேர எப்ப மாத்தப் போறீங்க?"

"பொத்துடா வாய," என்றேன். சிரித்தேன். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நான் சிரித்துக்கொண்டு நின்ற நேரத்தில்தான், அடுத்த அறையில் என் ஐந்து வயது மகள் மர்யம் நான் வரைந்த கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்கு முதலில் இந்த இடத்தைச் சொல்ல வேண்டும். இந்த நாட்டுத் தேவாலயத்துக்குள் சப்பாத்தோடு போகிறார்கள். உள்ளே கம்பளம் விரித்திருக்கிறது, கோப்பி குடிக்கிறார்கள். ஞாயிறன்று பத்துப் பன்னிரண்டு முதியவர்கள் வருவார்கள். சனிக்கிழமைகளில் பக்க மண்டபத்தைக் குழந்தைகளுக்குத் திறந்துவிடுவார்கள். நீ யார், எந்த மார்க்கம் என்று எவரும் கேட்பதில்லை. மழையும் குளிரும் அடைத்துவைத்த வீட்டில் ஒற்றைப் பிள்ளையை வளர்க்கும் எங்களுக்கு அது பெரிய உதவி. அந்த மண்டபத்தைக் குழந்தைகளுக்கென்றே மாற்றிக் கட்டப் போவதாகப் பொறுப்பாளர் ஹெலன் சொன்னபோது, ஊரில் நான் கட்டடப் படவரைஞராக வேலை செய்தவன் என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொன்னேன். மறுவாரமே கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள்.

அந்தக் கூட்டங்களில் நான் மகிழ்ச்சியாக இருந்தேன், அதையும் மறைக்கக் கூடாது. இங்கே வந்த ஆறு வருடத்தில் பண்டசாலையில் பெட்டி அடுக்கும் என் கையில் எவரும் பென்சிலைத் தந்ததில்லை. பலகை மேசைகளின் மூலைகளை உருட்டச் சொன்னேன். மின்செருகித் துளைகளை மேலே ஏற்றச் சொன்னேன். உள்கதவுகளில் பெரிய கண்ணாடி வேண்டும் என்று ஹெலன் சொன்னபோது, வெளிச்சத்துக்குத்தானே என்று கேட்டேன். அவர் சங்கடப்பட்டு, எந்தப் பெரியவரும் எந்தக் குழந்தையோடும் கண்ணுக்கு மறைவாக இருக்கக் கூடாது என்றார். அவர்களுடைய பயம் அது. என்னுடைய பயம் வேறு. மண்டபத்தின் பின்சுவரில் இன்னொரு கதவு வேண்டும், அதன் கைப்பிடி தரையிலிருந்து இரண்டடியில் இருக்க வேண்டும், பிள்ளை தானாகத் திறந்து ஓடக்கூடியதாக இருக்க வேண்டும் என்றேன்.

ஏன் என்று ஹெலன் மெதுவாகக் கேட்டார். சொன்னேன்.

என் ராத்தாவின், அதாவது மூத்த அக்காவின், மகள் ஸுல்பா. ஆறு வயது. கண் தப்பினால் கடற்கரைக்கு ஓடிவிடுவாள். அதனால் ராத்தா அறைக்கதவின் உச்சியில், பிள்ளையின் கை எட்டாத உயரத்தில், இரண்டு பக்கமிருந்தும் இழுக்கக்கூடிய ஒரு இரும்புத் திறாங்கு, அதாவது தாழ்ப்பாள், போட்டு வைத்திருந்தா. சுனாமி வந்த காலை ஸுல்பா அந்த அறைக்குள் விளையாடிக்கொண்டிருந்தாள். குசினியில் நின்ற ராத்தாவைத் தண்ணீர் வீதிப்பக்கம் அடித்துக்கொண்டு போய் ஒரு மதிலில் ஒதுக்கியது. தண்ணீர் வடிந்த பிறகும் அந்தக் கதவு பூட்டியபடியே நின்றது. அவ்வளவு நல்ல கதவு. திறந்தது நான்தான்.

அதன் பிறகு நான் ஊரில் வரைந்த எந்தப் பாலர் பாடசாலைக்கும் மேல் திறாங்கு போட்டதில்லை. பாலமுனையில் ஒரு கட்டடத்தின் வரைபடத்தை விரித்தபோது சுற்றி நின்ற தாய்மார் செலவைக் கேட்கவில்லை, நிறத்தைக் கேட்கவில்லை. "தம்பி, கைப்பிடி புள்ளைக்கு எட்டுமா?" என்றுதான் கேட்டார்கள். என் மனைவி பஸீலாவும் அந்த ஊர்தான். எங்கள் கரையில் பாதுகாப்பு என்றால் பிள்ளை வெளியே ஓட முடிவது. இந்த நாட்டில் பாதுகாப்பு என்றால் பிள்ளை வெளியே போக முடியாதிருப்பது. இதை எனக்கு எவரும் சொல்லவில்லை. நான் கதையை முடித்தபோது ஹெலன் நெஞ்சில் கை வைத்து, மிக நல்ல யோசனை என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஒப்புக்கொண்டார்கள் என்று நினைத்தேன்.

நான் சொன்னபடியே கட்டி முடித்தார்கள். அந்தக் கதவுக்கு வெளியே பத்து எட்டு வைத்தால் பஸ் ஓடும் பெருவீதி.

அந்தச் சனிக்கிழமை றிஸ்வானோடு பேசி முடித்து மண்டபத்துக்குள் வந்தபோது, மர்யத்தின் குளிரங்கி ஆணியில் தொங்கியது, அவள் இல்லை. மலசலகூடம், மேசைகளின் அடி, திரைச்சீலைகளின் பின்புறம், எங்கும் இல்லை. பிறகுதான் பின்கதவு ஒரு சாண் திறந்து கிடந்ததைப் பார்த்தேன். வீதிக்கு ஓடினேன். அவள் பெயரைக் கத்தினேன். கார்கள் போய்க்கொண்டேயிருந்தன. ஒரு பெண் தன் பிள்ளையை என்னிடமிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டாள். ஹெலன் பொலிசுக்கு அழைத்தார். நான் வேலையிலிருந்த பஸீலாவுக்கு அழைத்தேன்.

"எந்தக் கதவால போனாள்?" என்றா.

"பின்கதவால."

"நீங்க கீறின கதவாலயா?" மூச்சு வாங்குவது கேட்டது. "அல்லாவே! இஞ்ச கடல் எங்க மச்சான் கிடக்கு? ஆருக்காகக் கதவு வெச்சீங்க?"

இருபத்தைந்து நிமிடம் கழித்து மர்யம் கிடைத்தாள். வீதியைத் தனியாகக் கடந்து, எதிர்ப்பக்கம் சற்றுத் தூரத்திலிருந்த பஸ் தரிப்பிட வாங்கில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு வயதான மனிதர், அவருடைய நாய். நாயைப் பார்க்கத்தான் போனாளாம். குளிரில் உதடு நீலம் பூத்திருந்தது. அந்த மனிதர் எழுந்து, அவள் யாருக்கோ காத்திருக்கிறாள் என்று நினைத்ததாகச் சொன்னார். இவ்வளவு நேரமும் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அவரிடம் கத்தினேன். முன்பின் தெரியாத குழந்தையோடு தான் பேசக் கூடாதல்லவா என்றார்.

கல்முனைக்குடியில் ஒரு ஐந்து வயதுப் பிள்ளை தனியாக ஒற்றை ஒழுங்கை தாண்டட்டும் பார்ப்போம். "ஆர்ர மகள்டி நீ?" என்று முதல் கடையிலேயே பிடித்திருப்பார்கள். இரண்டாவது கடையில் தின்ன ஒரு பணிஸ் கொடுத்திருப்பார்கள். மூன்றாவது ஆள் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து, என்னை முற்றத்தில் நிறுத்தி, புள்ளைய வளர்க்கத் தெரியாதா என்று ஏசியிருப்பார். பிள்ளைக்கு எட்டும் கைப்பிடியை நான் அந்த ஊரை நம்பித்தான் வரைந்திருக்கிறேன். வெளியே ஓடும் பிள்ளையைப் பிடிக்க வெளியே ஆட்கள் இருப்பார்கள் என்பதை வரைபடத்தில் எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றியதேயில்லை.

மண்டபத்துக்கு மர்யத்தைத் தூக்கி வந்தேன். பொலிஸ் பெண் குறிப்பெழுதிவிட்டுப் போனாள். ஹெலன் அழுதார். அழுகைக்கு நடுவே ஒன்று சொன்னார். சிறுவர் இருக்கும் இடத்தில் வெளிக்கதவின் கைப்பிடி உயரத்தில்தான் இருக்க வேண்டும் என்று அவர்களிடம் எழுதிய விதியே இருக்கிறதாம். அலமாரியில் இருக்கிறதாம். ஸுல்பாவின் கதையைக் கேட்ட பிறகு அதை எடுத்துக் காட்ட எவருக்கும் மனம் வரவில்லையாம்.

"செத்த பிள்ளைக்கு மரியாதை செய்ய என் உயிரோடிருக்கும் பிள்ளையை வீதியில் விட்டீர்களா?" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். என் மீது இரக்கப்பட்டார்கள். சக வேலையாள் என்று மதித்திருந்தால் மறுத்திருப்பார்கள். ஊரில் என் வரைபடத்தில் பிழை இருந்தால் மேசன்மார் "இது சரிவராது சேர்" என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். இங்கே ஆறு வருடம் என்னோடு எவரும் சண்டை பிடித்ததில்லை. அதை நான் நல்ல குணம் என்று எண்ணியிருந்தேன்.

ஆனால் வீதி அங்கே இருந்ததை நானும்தான் பார்த்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அதைக் கடந்துதான் வந்தேன். வரைபடத்தில் அந்தச் சுவருக்கு வெளியே என் கண்ணுக்குத் தெரிந்தது கடலில்லாத வெறும் நிலம் மட்டும்தான். இந்தக் கோபத்தை ஹெலனிடம் கொடுத்துவிட்டு நான் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக முடியாது.

கடைசியாக வந்து சேர்ந்தது பஸீலா. முதியோர் இல்லத்துச் சீருடையோடு, பாதி வழி ஓடி வந்திருந்தா. மர்யத்தைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டா. பிறகு பிள்ளையை இடுப்பில் வைத்தபடி பின்கதவுக்குப் போய்க் குனிந்து கைப்பிடியை அழுத்தினா. திறந்தது. மூடினா. திரும்பவும் அழுத்தினா. உயரத்தில் ஒரு பூட்டுப் போட நாளைக்கே ஆள் வரும், இந்தக் கைப்பிடியைக் கழற்றிவிடுவோம் என்று ஹெலன் ஓடி வந்து சொன்னார். பஸீலா என்னைப் பார்த்தா.

"மச்சான், மேல ஒண்டு போடச் சொல்லுங்க," என்றா. கை இன்னும் கைப்பிடியிலேயே இருந்தது. "கீழ இரிக்கிறதக் களட்ட வேணாண்டு சொல்லுங்க."