பூஜை போட்ட மட்டை

என் மாப்பிள்ளை ஒரகடம் பக்கத்தில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் பேஸ்பால் தலைமைப் பயிற்சியாளர். தலைமை என்றால் நாலு பேரை மேய்ப்பார் என்று நம்பித்தான் பெண்ணைக் கொடுத்தேன். கல்யாணத்துக்குப் பிறகு போய்ப் பார்த்தால், அவருக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான் இருந்தது.

அவர் கபடி ஆடியவர். வாலிபால் சொல்லிக்கொடுக்கத்தான் காலேஜில் சேர்ந்தார். ஒருமுறை பத்து நாள் முகாமுக்கு அனுப்பினார்கள். திரும்பி வரும்போது பேஸ்பால் ஆளாகிவிட்டார். பத்து நாளில் என் பெண்ணுக்குச் சாம்பார் வைக்கக்கூட வரவில்லை.

அவளுக்குச் சுங்குவார்சத்திரம் பக்கம் கம்பெனி வேலை. அவள் பகல் ஷிப்ட் போகும் வாரங்களில் மாப்பிள்ளைக்குச் சாப்பாடு கொண்டுபோவது நான். அப்படிப் போய்த் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து உட்கார்ந்தே எனக்கு ஆட்டம் புரிந்தது. பந்தை அடித்ததும் மட்டையைக் கீழே போட்டுவிட்டு எதிரே இருக்கிற வெள்ளை மூட்டைக்கு ஓட வேண்டும். பந்து முந்திவிட்டால் அவுட். அப்படி மூன்று மூட்டையைச் சுற்றி, அடித்த இடத்துக்கே திரும்பி வந்தால் ஒரு ரன். அவ்வளவுதான்.

பையன்கள் எல்லாம் கிரிக்கெட்டில் ஊறியவர்கள். முதல் வருஷம் ஒருவன் அடித்தான், மட்டையோடு ஓடி மூட்டையைத் தொட்டான், அப்படியே திரும்பி ஓடி வந்தான்.

"ரெண்டு ரன்னு சார்!" என்றான் பெருமையாக.

மாப்பிள்ளை அந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு வருஷத்தில் அந்தப் பழக்கத்தை ஒழித்தார். மட்டையைப் போட்டுவிட்டு ஓடினார்கள், ஆனால் ஜெயிக்கவில்லை. மூன்றாம் வருஷம் பிரின்சிபால் கூப்பிட்டுச் சொன்னார்: "சார், பஸ் நிறுத்த இடமில்ல. இந்த வருஷம் ஒரு மேட்சாவது ஜெயிச்சுக் காட்டுங்க. இல்லன்னா கிரவுண்டு பஸ்ஸுக்கு. நீங்க டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ்."

அன்றைக்கு மாப்பிள்ளை மூன்றாவது தோசையைத் தொடவில்லை. அவர் ஏழு தோசை ஆள்.

அதற்கப்புறம் ஆயுத பூஜை வந்தது. கம்பெனிகளில் மெஷினுக்கெல்லாம் பொட்டு வைக்கும்போது நாம் மட்டும் சும்மா இருப்பதா என்று, நாலு மட்டைக்கும் சந்தனம் குங்குமம் வைத்து நானே சூடம் காட்டினேன். ஒரு பையன் பொரிக்கு ஆசைப்பட்டு மட்டையைத் தாண்டிக் குதித்தான். எனக்குப் பொரி போகிறதே என்ற கவலை.

"டேய், சாமிடா அது! பூஜை போட்ட பேட்டத் தாண்டினாலும் கண்ணு பூடும், கீழ போட்டாலும் கண்ணு பூடும். எங்க ஊர்ல ஒருத்தன் அருவாளத் தூக்கி வீசுனான். மறுவாரமே கண்ணாடி போட்டுகினான்!"

அப்படி ஒருத்தன் எங்கள் ஊரில் இல்லவே இல்லை. பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு மறந்துபோனேன்.

அடுத்த மாதம் மேட்ச். நம் பையன் பந்தை நன்றாகவே அடித்தான். பிறகு குனிந்தான். குழந்தையைத் தொட்டிலில் விடுவது போல மட்டையைத் தரையில் வைத்தான், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான், அப்புறம் ஓடினான். பந்து எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தது. அடுத்தவனும் அப்படியே. இன்னொருவன் இரண்டு கையாலும் ஏந்திக் கொட்டகை வரை நடந்து வந்து சாய்த்துவைத்துவிட்டுப் போனான். அந்த மேட்சும் போச்சு, அடுத்ததும் போச்சு.

"ஒண்ணுமே புரியல அத்த. யாரோ பசங்க மண்டைல எதையோ ஏத்திக்கீறாங்க," என்றார் மாப்பிள்ளை.

"எந்தப் பாவி மாப்ள அது? கண்டுபுடிச்சு நாலு வார்த்த கேளுங்க," என்று சொல்லிச் சட்னியை நகர்த்தி வைத்தேன்.

ஆனால் ஒருநாள் அவர் காலேஜின் மஞ்சள் பஸ்களைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டேன். மறுநாள் பையன்களைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"அன்னிக்கு நான் சொன்னது அத்தனையும் டூப்புடா. தாராளமா கீழ போடுங்க."

"ஆயா, சார் வேல போயிடுமோன்னு நீ பொய் சொல்ற," என்றான் ஒருவன்.

"செமஸ்டர் வருது ஆயா. எனக்குக் கண்ணு வேணும்," என்றான் இன்னொருவன்.

ஆயுசில் ஒருநாள் உண்மை பேசினேன், அதை எவனும் நம்பவில்லை.

கடைசி மேட்ச் எங்கள் கிரவுண்டிலேயே நடந்தது. ஷாமியானாவின் கீழே வெள்ளைச் சட்டையில் பிரின்சிபால், பக்கத்தில் விருந்தாளிகள். ஆட்டம் முடியப்போகிறது, இரண்டு பக்கமும் சமம். மூன்றாவது மூட்டையில் நம் பையன் ஒருவன் நிற்கிறான். அவன் அடிக்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தால் ஜெயிப்பு. மட்டை பிடித்தவன் அடித்தான். பந்து உருண்டது. அவன் குனிந்தான்.

நான் எழுந்துவிட்டேன். "தூக்கிப் போட்றா அத! கண்ணு போனா என் கண்ணு போவட்டும்! எப்டியும் ஒண்ணுல புரை கீது!"

என் கண்ணைப் பணயம் வைத்ததும் அவனுக்குத் தைரியம் வந்துவிட்டது. கீழே போடச் சொன்னால், வீசினான். மட்டை சுழன்று பறந்து, டீ கொண்டுவந்த தட்டில் விழுந்தது. அந்த டீ முழுக்கப் பிரின்சிபாலின் சட்டைக்குப் போய்ச் சேர்ந்தது. எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருக்க, மூன்றாவது மூட்டைப் பையன் ஓடி வந்து சேர்ந்துவிட்டான். நல்லவேளை, அம்பயர் மட்டும் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூச்சலுக்கு நடுவே மாப்பிள்ளை என்னிடம் வந்தார். "அத்த, அந்தக் கண்ணு மேட்டரு... நீங்கதானா?"

"ஜெயிச்சிக்கினு வந்து இன்னா கேள்வி மாப்ள இது? போங்க, பசங்க உங்களத் தூக்கணும்னு நிக்கிறாங்க."

மறுநாள் பிரின்சிபாலைப் பார்த்துவிட்டு வந்தவர், செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"கிரவுண்டு நமக்குத்தான் அத்த. என் வேலையும் அப்டியே கீது. ஆனா ஒரு கண்டிஷன்."

"இன்னாவாம்?"

"நீங்க காலேஜ் கேட்டத் தாண்டி உள்ள வரக்கூடாதாம்."

அதனால் இப்போது மத்தியானம் ஆனால் தலைமைப் பயிற்சியாளர் வெயிலில் நடந்து கேட்டுக்கு வந்து சாப்பாட்டை வாங்கிக்கொண்டு போகிறார். அவர் வந்து சேரும்வரை நான் வாட்ச்மேனுக்கு பேஸ்பால் சொல்லிக்கொடுக்கிறேன். அவரும் பயபக்தியோடு கேட்டுக்கொள்கிறார். பாதி நானாகச் சேர்த்தது.