ஒரு தபால் பெட்டி, மூன்று சாவி

போன வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு, மேல்விஷாரத்தில் நான் வேலை பார்க்கும் தோல் தொழிற்சாலையின் முற்றத்தில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். நாற்பத்தாறு வயதில்! பார்த்தவர்கள் எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

காரணம் – இமெயில்.

எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் வைரஸ் தொல்லை தாங்காமல், போன மாதம் முதலாளி விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போடச் சொல்லிவிட்டார். போட்டாயிற்று. மெயில் பார்க்க எந்த மென்பொருள்? கேட்டால் ஆளுக்கு ஒன்றைச் சிபாரிசு செய்கிறார்கள். ஏற்றுமதிக் கடிதங்கள் என் பொறுப்பு. அதனால், "நீங்களே யூஸ் பண்ணிப் பாத்து எது நல்லதுன்னு சொல்லுங்க ஸ்டெல்லா" என்றார்.

எனக்குக் கசக்குமா? சத்துவாச்சாரியில் ஒரு குக்கர் வாங்கவே நாலு கடை ஏறி இறங்குகிறவள் நான். மூன்று மென்பொருள்களை ஒரே நேரத்தில் போட்டேன். நோட்டில் கட்டம் கட்டினேன் – சுலபம், வேகம், நம்பகத்தன்மை. பத்துக்கு மார்க்.

முதலாவதில் காலண்டர், அட்ரஸ் புக் எல்லாம் உண்டு. ஆனால் அது திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். இரண்டாவது வெறும் கறுப்புத் திரை, எழுத்து மட்டும். வேகம் என்றால் அப்படியொரு வேகம்... ஆனால் எந்த வேலைக்கு எந்த எழுத்தை அழுத்துவது என்று மனப்பாடம் செய்ய வேண்டும். மூன்றாவது சின்னது, அடக்கமானது. முதல் நாளே அதைத் திரையின் ஓரத்துக்குத் தள்ளியவள், அப்படியே மறந்தும் போனேன்.

வெள்ளிக்கிழமை ஒன்றேகாலுக்குச் சென்னையிலிருந்து ஏஜென்ட் போன் செய்தார்.

"மேடம், ஆட்டுத்தோல் ஆர்டருக்குக் கலரை மாத்தச் சொல்லி ஜெர்மனியிலேர்ந்து நேத்தே மெயில் போட்டாங்களாமே, பாத்தீங்களா?"

"இல்லியே! என்ன கலர்?"

"அது மெயில்லதான் இருக்கு. இன்னிக்கு அங்க லீவு, போன் எடுக்க மாட்டாங்க."

அன்று காலையில்தான் அந்த ஆர்டருக்கு 'கறுப்பு' என்று எழுதிச் சாயப் பிரிவுக்குச் சீட்டு அனுப்பியிருந்தேன். தோலில் கறுப்பு ஏறினால் ஏறியதுதான். அதற்கு மேல் வேறு எந்த நிறமும் எடுபடாது. ஒரு லாட் தோல் மொத்தமும் வீண். இத்தனை வருஷம் சம்பாதித்த நல்ல பெயரும் வீண்.

முதல் மென்பொருளில் தேடினேன், இல்லை. கறுப்புத் திரையிலும் இல்லை. சாயப் பிரிவுக்கு இன்டர்காமில் கூப்பிட்டேன்... மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்போதுதான் ஓடினேன்.

அங்கே ஈ காக்கை இல்லை. தோலைப் போட்டுச் சுற்றிச் சாயம் ஏற்றும் இரண்டு ஆள் உயர மர டிரம், கதவு சாத்தி, சுற்றாமல் நின்றது. சுற்றி முடித்து நிற்கிறதா? இன்னும் சுற்றவே இல்லையா? யாரைக் கேட்பது? கர்த்தரே, கர்த்தரே என்று அங்கேயே நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் சாயப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் ஹமீத் பாய், தொப்பியை மடித்துப் பைக்குள் வைத்தபடி வந்தார்.

"பாய்! கறுப்பு போட்டுட்டீங்களா?"

"இன்னாம்மா இது, செருப்பைக் கையில வச்சிக்கினு... தோலு உள்ள இருக்குது. சாயம் இன்னும் ஊத்தல. ஊத்திட்டா கூடவே நின்னு பாக்கணும், பாதியில வுட்டுட்டுப் போவ முடியாது. ஜும்மாவுக்கு டைமாயிடுச்சு, நமாஸ் முடிச்சிட்டு வந்து ஊத்தலாம்னு வுட்டுட்டேன்."

போன உயிர் திரும்பி வந்தது. பக்கத்தில் கிடந்த காலி டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கும்பிட்டேன்!

"ஊத்தாதீங்க பாய். மெயிலைப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

"நிதானமா பாருங்க. இன்னா பேஜாரு..."

நாற்காலிக்குத் திரும்பியதும்தான் அந்த மூன்றாவது ஞாபகம் வந்தது. திறந்தேன். சமர்த்தாக உட்கார்ந்திருந்தது கடிதம், முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து. 'கறுப்பு வேண்டாம். பழுப்பு போடவும்.'

நடந்தது இதுதான். மூன்று மென்பொருள்களும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே தபால் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தன. முதலில் போவது எதுவோ, அது கடிதத்தை எடுத்துக்கொண்டு பெட்டியைக் காலி செய்துவிடும். 'நகலை அங்கேயே விட்டுவை' என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் டிக் செய்திருக்க வேண்டும். நான் செய்யவில்லை. கல்யாண மண்டபத்தில் ஸ்டோர் ரூம் சாவியை மூன்று சித்தப்பாக்களிடம் கொடுத்து வைத்தால், தேங்காய் மூட்டை எங்கே இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? நாமோ, மூன்று பேர் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நிம்மதியாகத் தூங்குகிறோம்!

திங்கட்கிழமை முதலாளியிடம் நோட்டைக் கொடுத்தேன். 'சுலபம்' கட்டத்தில் ஜெயித்தது அந்த மூன்றாவதுதான். மற்ற இரண்டையும் எடுத்தாயிற்று. நம்பகத்தன்மையில் மூன்றுக்குமே பத்துக்குப் பத்து... சொன்னதைச் சொன்னபடி செய்தனவே!

கடைசியில் ஒரு கட்டம் மட்டும் கூடுதலாகப் போட்டேன் – ஸ்டெல்லா: பூஜ்யம்.