ஸ்கேல் சாரின் மழைக்கூடு

கொண்டையிலிருந்து தரைவரை எவ்வளவு உயரம் என்று தெரிந்தாக வேண்டும். அதற்காக ஸ்கேல் சார் கொல்லைப்புறத்தில் ஒரு கையில் அளவு நாடாவும் மறு கையில் நொய்யரிசியுமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். முழங்கால் உயரம்கூட இல்லாத குள்ளச் சேவல் அரிசியைத் தின்றது, நாடாவைக் கொத்தியது, நிமிர்ந்து நிற்க மட்டும் மறுத்தது. “கொஞ்சம் நேரா நில்லுப்பா. உனக்குத்தானே வீடு?” என்று கெஞ்சினார். வீட்டில் வேறு யாரிடமும் அவர் இவ்வளவு தணிந்து பேசிக் கேட்டதில்லை.

கட்டடங்களுக்குப் படம் வரையும் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மேலதிகாரிகள் கிறுக்கியதை அழகாக நகலெடுப்பதுதான் வேலை. சொந்தமாக ஒரு கழிவறையைக்கூட வரைய விட்டதில்லை. அந்தக் குறையெல்லாம் சேர்ந்து இப்போது மனைவி வளர்க்கும் குள்ளக்கோழிகளின் தலையில் விடிந்திருந்தது. துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் ஜன்னல் சரியாகப் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டு வந்தவர் அவர். தெருவில் ஸ்கேல் சார் என்ற பெயர் சும்மா வரவில்லை.

மழைக்காலம் முழுக்க நிற்க வேண்டும், மழை விட்டதும் கழற்றிப் பரண்மேல் போட வேண்டும். மனைவி கேட்ட கூடு அவ்வளவுதான். சார் படத்தை முடித்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. இனி மழைக்கூடு எதற்கு என்று கோடைக்கூடு வரைய உட்கார்ந்தார். காற்றோட்டம், முட்டையிடத் தனியறை, சேவல் நின்று கூவ ஒரு பால்கனி. அது முடிந்தபோது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. முடிந்துபோன பருவத்துக்கு அப்பழுக்கில்லாத கூடு வரைவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

அந்த மழையில் ஒரே அடையில் பொரித்த குஞ்சுகள் அத்தனையும் நனைந்து விறைத்துச் செத்தன. மனைவி அழவில்லை. “படம் நல்லா இருந்துச்சுங்க” என்றாள். அதை நினைத்தால் சாருக்கு இன்றும் சோறு இறங்காது.

மறுபடி மழை நெருங்கியபோது புள்ளிக்கோழி துவைகல்லின் இடுக்கில் அடை உட்கார்ந்திருந்தது.

“குஞ்சு பொரிக்கறதுக்குள்ள கூடு நிக்கணும். இல்லேன்னா கோழிங்க எல்லாம் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடும். நீங்களும் உங்க பேப்பரும் நிம்மதியா இருங்க.”

“அவசரப்பட்டா எப்படி? காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்க்க வேண்டாமா?”

“வெளியில போய் நில்லுங்க, தெரியும்.”

காலையில் அவர் செய்தித்தாள் படிக்கும்போது சேவல் வந்து அவருடைய பாதத்தின்மேல் ஏறி உட்காரும். கால் மரத்துப்போனாலும் அசைக்க மாட்டார். அது மைத்துனி வீட்டுக்குப் போய்விடும் என்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் வரைந்தார். கூரைச் சரிவை மாற்றினார், மாற்றியதை அழித்தார், அழித்ததை மறுபடி போட்டார். கோழிகளைக் கூப்பிட்டுக் கூட்டம் போடாத குறைதான்.

ஒரு நாள் மாலை துவைகல்லின் அடியில் கீச்சுக்குரல் கேட்டது. பின்னாலேயே தூறலும் வந்தது. மனைவி பெரிய கூடையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தங்கைக்குப் போன் போட்டாள். “வண்டி அனுப்புடி.”

சார் படத்தைப் பார்த்தார். கோழியின் இறக்கைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஈரத் தலை ஒன்றைப் பார்த்தார். பிறகு உடைந்த அலமாரியின் பலகைகளை இழுத்துப் போட்டு ஆணி அடிக்க ஆரம்பித்தார்.

“அளவெடுக்காமலா அடிக்கிறீங்க?”

“பேசாம பலகையைப் பிடி.”

கட்டைவிரல் நசுங்கியது. கூட்டின் ஒரு கால் குட்டையாகப் போயிற்று. கூரைக்குப் பழைய தார்ப்பாய். புள்ளிக்கோழி எதையும் குறை சொல்லாமல் குஞ்சுகளோடு உள்ளே போய் அமர்ந்தது. கொஞ்ச நேரத்தில் சேவலும் மற்றவையும் இடித்துக்கொண்டு நுழைந்தன. மனைவி மறுபடி போனை எடுத்தாள். “வண்டி வேணாம்டி. அப்புறம் சொல்றேன்.”

குடையை அவர் தலைக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவள் கூட்டைப் பார்த்தாள். “ஒரு பக்கமா சாஞ்சிருக்குங்க.”

சார் தலையை மெல்ல வலப்பக்கம் சாய்த்தார். இன்னும் கொஞ்சம் சாய்த்தார். கூடு நேராகத் தெரிந்ததும் அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.