பாவு விரித்த நாளில் சொல்லக் கூடாத சொல்

நான் பிறந்த வீட்டில் 'ஒருவேளை' இல்லாமல் யாரும் படி இறங்கியதில்லை. செவிலிமேட்டில் இருந்தோம். அப்பா பஸ் டிரைவர். ஒருவேளை மழை வந்தால் என்று ஒரு குடை, ஒருவேளை வண்டி வழியில் நின்றுவிட்டால் என்று ஒரு டப்பா புளிசாதம். அப்பாவின் பையில் பாதி இடம் இந்த ஒருவேளைக்கே போய்விடும். அந்தச் சொல்லில் தப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

கல்யாணமாகிப் பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பத்துக்கு வந்த மூன்றாம் மாதம்தான் தெரிந்தது. அன்று காலை தெருவில் பாவு விரித்திருந்தார்கள். சேலைக்கான நீளவாட்டு நூலைத் தெருவோடு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காயவைக்கும் வேலை. ஒரு முனையில் மாமனார், மறுமுனையில் என் கணவர். மேலே ஒரு கறுத்த மேகம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"ஒருவேளை மழை வந்துட்டா என்ன பண்றது மாமா?"

நூலைப் பிடித்திருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமியார் விறுவிறுவென்று வந்தார். "பாவு விரிச்சிக்கினு இருக்கும்போது அந்தப் பேச்சே எடுக்கக் கூடாதும்மா. வந்தா வந்துச்சுன்னு சொல்லு. வராத வரைக்கும் கம்முனு இரு."

மழை வரவில்லை. எனக்குக் கோபம் வந்தது, அதைவிட ஆர்வம் வந்தது. அந்த ஒரு சொல் இல்லாமல் ஒரு குடும்பம் எப்படித்தான் காலம் தள்ளுகிறது? வேவு பார்க்கத் தொடங்கினேன். பாவு விரிக்கும் நாட்களில் வாசல் ஓரம் நீல பிளாஸ்டிக் தார்ப்பாய் ஒன்று மடித்து வைத்திருக்கும்.

"இது என்னத்துக்கு அத்தை?"

"சும்மா இருக்குது."

உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி அதிகம் போடுவார். யாராவது வருகிறார்களா என்று கேட்டால், "யாரும் வரல. சும்மா போட்டேன்" என்பார். பிறந்த வீட்டில் வாயில் இருந்த 'ஒருவேளை' இங்கே கையில் இருந்தது. கணவரிடம் சொன்னேன். "ஆராய்ச்சி முடிஞ்சிதா? காப்பி கொடு" என்றார்.

போன ஐப்பசியில் மாமனாருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. அவசரத்தில் அவரை வெறுங்காலோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் நடப்பது கஷ்டம்தான் என்று ஐந்தாம் நாள் டாக்டர் சொன்னார்.

மறுநாள் மாமியார் சாப்பாடு கொண்டுவந்தார். பையை நான்தான் பிரித்தேன். ரசம் சாதம், துவைத்த வேட்டி, துண்டு. அடியில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தால் மாமனாரின் செருப்பு. ஈரத்துணியால் துடைத்துக் கொண்டுவந்திருந்தார்.

பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டேன். "இது என்னத்துக்கு அத்தை?"

சும்மா என்பார் என்றுதான் நினைத்தேன். அவர் கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒருவேளை எழுந்துக்கினாருன்னா," என்றார், "வெறுங்காலோட எப்படிம்மா நடப்பாரு?"

செருப்பைக் கொண்டுபோய், கட்டிலுக்குக் கீழே, மாமனார் கால் இறங்கும் பக்கமாக வைத்தேன்.