எக்ஸ்ரேக்குக் கழற்றிய காப்புகள்

எழுபதுகளில் ரொறன்ரோவுக்கு வந்த புதிதில், நாங்களும் என் கணவரின் அண்ணன் குடும்பமும் ரெக்ஸ்டேலில் ஒரே வீட்டில் இருந்தோம். அண்ணன் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணத்தில் எங்கள் மாமியார் அவருக்குப் போட்டது கைக்கு மூன்றாய் ஆறு தங்கக் காப்பு. எனக்குப் போட்டது இரண்டு, அதுவும் நூல் மாதிரி. அந்த எரிச்சல் எனக்குக் கனடாவிலும் ஆறவில்லை.

ஒரு பனிக்காலம் அக்கா வாசற்படியில் வழுக்கி விழுந்தார். வலது முழங்கை வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். முன்கையையும் சேர்த்துப் படம் எடுக்க வேண்டும், காப்பு எலும்பை மறைக்கும், கழற்றுங்கள் என்றார் எக்ஸ்ரே எடுப்பவர். சவர்க்காரம் பூசி மூன்றையும் மெல்ல இழுத்தெடுத்தேன்.

“கையில வச்சிருந்தா துலைஞ்சிடும், போட்டுக்கொண்டிரு,” என்றார் அக்கா.

போட்டுக்கொண்டேன். எனக்கென்றே செய்தது போல இருந்தன.

படத்தில் முறிவு தெரிந்தது. உள்ளங்கைவரை மாவுக்கட்டுப் போட்டார்கள்.

“இனி இந்தக் கையில காப்பு ஏறாது. கட்டு அவிழ்க்குமட்டும் நீயே போடு.”

வீட்டுக்கு வந்ததும் கை தெரிய மேசையில் தேத்தண்ணி வைத்தேன். என் கணவர் பார்க்கவேயில்லை. அண்ணிக்குப் பக்கத்தில் இருந்து தோடம்பழம் உரித்து, விதை எடுத்து, சுளை சுளையாய் அவருடைய இடக்கையில் வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு நாளும் ஒரு பழம் உரித்துத் தராத மனிதர்!

காப்பு யாருக்கு வேண்டும்? அந்தப் படியில் நானல்லவா விழுந்திருக்க வேண்டும்.